ஏழாவது ஜன்னல்

வழக்கு எண்ணைச் சொன்னால் உங்களுக்கு என்ன தெரியும்.
பவழக்காரத் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே
மஞ்சள் மங்கி நிற்கும் அந்த மாளிகையை
இருபத்துமூன்று பேருக்குப் பிரிக்க வேண்டும்.
கோர்ட்டு கமிஷனரோடு நாடா பிடிக்கப் போனவள் நான்.

தெருவில் நின்று அளந்தால் அறுபத்து மூன்று அடி.
உள்ளே, சுவர்த் தடிப்பெல்லாம் சேர்த்து, ஐம்பத்து நான்கு.
சுருட்டி மறுபடி விரித்தேன்.
'வெயில்ல நாடா நீளும் மேடம்' என்றான் கோதண்டம்.
ஒன்பது அடியா நீளும்?

கட்டியவர் முத்தியாலு செட்டி.
கம்பெனிக் கப்பல்களுக்குத் துணியும்
கப்பல்காரர்களுக்குக் கடனும் கொடுத்தவர்.
ஈட்டுக்கு வந்து மீட்கப்படாமல் போனவற்றில்
ஒரு படப் புத்தகம்.
அதில் ஃபிளாரன்ஸ் என்கிற ஊரில் ஒரு வீடு:
கீழே முரட்டுக் கல்வரிசை,
மேலே போகப் போக வழவழப்பு,
ஜன்னலுக்கு ஜன்னல் முக்கோணப் புருவம்,
உச்சியில், வெயிலுக்குக் கை வைத்துப் பார்ப்பதுபோல்
அகலமாய் ஒரு கொடுங்கை.
அந்த வீட்டுக்காரனும் வட்டிக்கு விட்டுத்தான்
அதைக் கட்டினான் என்று யாரோ சொல்ல,
செட்டிக்குப் பிடித்துப்போனது.

கல்லுக்கு எங்கே போவது?
கொத்தனார் அங்கப்பன் செங்கல்லை அடுக்கி
அதன்மேல் சுண்ணாம்பில் கல்லை வரைந்தான்.
பழவேற்காட்டுக் கிளிஞ்சல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம்,
நாளொன்றுக்கு முந்நூறு முட்டையின் வெள்ளைக்கரு.
மஞ்சள்கரு யார் வீட்டுக்குப் போனது
என்பது மட்டும் கணக்கில் இல்லை. சைவக் குடும்பம்.

கூடத்துத் தூணைத் தொட்டால் இன்றைக்கும்
மோர்ப் பானையைத் தொட்டதுபோல் இருக்கிறது.
மேலே தேக்கு உத்திரங்கள்; அவற்றின்மேல்
குறுக்குச் சாய்வாக, விளிம்பில் நிறுத்திய சன்னச் செங்கல்.
துரைமார் ஆடிய இடத்தில் மெத்தை உயரத்துக்கு
கோடு போட்ட, கோடு போடாத நோட்டுக் கட்டுகள்.

ஜன்னல்களை எண்ணினேன்.
வெளியே ஏழு.
உள்ளே ஆறு.

மொட்டைமாடியிலிருந்து கோதண்டம் கூப்பிட்டான்.
ஏழாவது ஜன்னலுக்குப் பின்னால் அறை இல்லை.
பூசாத செங்கல் முதுகு,
முட்டுக்கொடுத்த இரண்டு பனங்கட்டை,
புறாக் குடும்பம் ஒன்று,
அப்புறம் ஆகாயம்.
கீழே பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரை.

ஆறு ஜன்னலுக்கு நடு என்று ஒன்று கிடையாது.
வாசல் நடுவில் வந்தாக வேண்டும் என்றது படம்.
அந்த ஒன்பது அடியோ
வெற்றிலை விற்ற குப்பாச்சியுடையது.
கேட்ட விலைக்குமேல் கொடுத்தும் அசையவில்லை.
பாதி தெலுங்கும் பாதி தமிழுமாய் ஒரு கரார்
வாதியின் காகிதக் கட்டில் இருந்தது:

'என் சுவரின் முகத்தை மாத்திரம் செட்டியாருக்கு விட்டேன்.
சுவர் என்னது. வாசல் என்னது.
முகத்துக்கு வாடகை வருஷம் மூன்று வராகன்.
மெருகு வைக்கிறபோது எனக்கும் வைக்க வேண்டியது.'

அப்படித்தான் அவள் சுவர்மேல் ஒரு சுவர் எழும்பி,
அதில் சுண்ணாம்பாலேயே இரண்டு கதவு,
ஒன்று லேசாகத் திறந்ததுபோல்.
அவள் வாசல் மட்டும் குனிந்து நுழைகிற உயரத்தில்
பொய்க் கல்வரிசையைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.
வளைவு வைக்கிறேன் என்று
அங்கப்பன் எத்தனை தரம் கேட்டிருப்பானோ.

வரைபடத்தில் இதை எந்த நிறத்தில் காட்டுவது?
முகப்பு பொதுச் சொத்து என்றார் ஒரு வக்கீல்.
முகத்தைப் பிரித்தால் வீடு விழும் என்றார் இன்னொருவர்.
ஓசூர்ப் பங்காளி, 'அந்த ஜன்னல் என் பாகத்துலயா?' என்று
போனில் இரண்டு தடவை கேட்டார்.
பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு போட்டு
அறிக்கையில் எழுதினேன்:
மேற்படி ஜன்னல் உள்பக்கம் கிடையாது.
அனுபோகத்தில் இருப்பவை புறாக்கள்.

கிளம்பும்போது, குனிந்த அந்த வாசலிலிருந்து
குப்பாச்சி வழிவந்த தேசிங்கு வெளியே வந்தார்.
பத்திரிகை அட்டைகளுக்குத் தங்கத்தாள் ஒட்டுகிறவர்;
புருவத்திலும் கொஞ்சம் தங்கம்.

'மேடம், அந்த மூணு வராகன்
எந்த வருஷத்துலேர்ந்து நின்னுபோச்சுன்னு
உங்க பேப்பர்ல இருக்கா?'